மாஸ்க் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்கூபா டைவிங் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: சொந்தமாக செட் வாங்கலாமா, எதை வாங்குவது, எப்படி மாட்டுவது. பதினான்கு வருடமாகப் புதுச்சேரியில் டைவிங் கற்றுத் தருகிறேன். கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில், முதுகில் சுமக்கும் டேங்கின் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர்களைப் பிரித்து சர்வீஸ் செய்வது என் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்துதான் இந்தப் பதில்களையும் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடித்தேன். இதுவரை 11 டைவ். ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். மொத்த செட்டையும் ஒரே தடவையில் வாங்கிவிடலாமா?
– ஐ.டி. ஊழியர், கோவை

வேண்டாம் தம்பி. 11 டைவில் தண்ணீருக்குள் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது உங்களுக்கே பிடிபட்டிருக்காது. பாதிப் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். எது உங்கள் தோலைத் தொடுகிறதோ அதை முதலில் வாங்குங்கள். மற்றவற்றை வாடகைக்கு எடுத்துப் பல விதமாகப் போட்டுப் பாருங்கள். எது பிடிக்கவில்லை என்பது தெரிந்த பிறகு வாங்கினால் பணம் வீணாகாது.

மாஸ்க்கில் தொடங்குங்கள். கடையில் வாரை முன்பக்கம் தள்ளிவிட்டு, தலையை அண்ணாந்து, மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள். மூக்கால் மெதுவாக ஒரு மூச்சு இழுங்கள். கையை எடுத்துவிட்டுக் குனியுங்கள். மூச்சை விடாமல் வைத்திருக்கும்வரை அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கானது. நெற்றி ஓரத்திலோ கன்னத்து மடிப்பிலோ ‘ஸ்ஸ்’ என்று காற்று நுழைந்தால், எவ்வளவு அழகான மாஸ்க்காக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் ரெகுலேட்டரின் மவுத்பீஸை வாயில் கடித்துக்கொண்டு இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். வாய் திறந்தால் கன்னத்தின் வடிவம் மாறும். முதல் தடவை ஒட்டியது இரண்டாம் தடவை விழுவதுண்டு. மீசை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால், மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துவிடுங்கள். சிலிகான் விளிம்பு தோலில் உட்காரும். என்னிடம் படிக்க வருகிறவர்களில் மாஸ்க் ஒழுகுகிறது என்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு கோடு போதுமானதாக இருக்கிறது.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்தே ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அது போகாமல் நீங்கள் எத்தனை தடவை எச்சில் தடவினாலும் ஆவி படியும். வெள்ளை டூத்பேஸ்ட்டை உள்பக்கம் தடவி விரலால் ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். ஜெல் பேஸ்ட் வேலைக்கு ஆகாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கண்ணாடியில் ஆவி படியாத பூச்சு ஏற்கெனவே இருந்தால் மட்டும் தேய்க்காதீர்கள்.

அடுத்தது பூட்ஸும், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸும். இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், ஏனென்றால் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் ஃபின்ஸின் அளவைப் பார்க்க முடியும். வெறுங்காலில் போடும் ஃபின்ஸ் எடை குறைவுதான், படகிலிருந்து குதிப்பதற்குப் போதும். ஆனால் ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் போலக் கரையிலிருந்து நடந்து இறங்கும் இடத்தில் உள்ளங்கால் என்ன பாடு படும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் ஸ்பிரிங் வார் உள்ள திறந்த குதிகால் ஃபின்ஸ் வாங்குங்கள். பிளாஸ்டிக் பக்கிளை ஈரக் கையால் இழுத்துப் போராட வேண்டியதில்லை. ரொம்ப விறைப்பானது வேண்டாம். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது டைவ் கம்ப்யூட்டர்: ஆழத்தையும் நேரத்தையும் வைத்து, இன்னும் எவ்வளவு நேரம் அடியில் இருக்கலாம் என்று காட்டும், மணிக்கட்டில் கட்டும் கருவி. இதைச் சிலர் கடைசியில் வாங்கும் ஆடம்பரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆழத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்துகொண்டே போகிறது. மேலே வந்த பிறகும் பல மணி நேரம் அது முழுதாக வெளியேறுவதில்லை. காலையில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர், மதியம் வேறொன்று என்று கட்டிக்கொண்டால், காலையில் உங்கள் உடம்பில் ஏறிய நைட்ரஜன் மதியக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது உங்களை அன்றைக்கு முதல் டைவ் செய்கிறவர் என்றே நினைத்து நேரம் கொடுக்கும். ஒரு பயணம் முழுக்க ஒரே கம்ப்யூட்டர் உங்கள் மணிக்கட்டிலேயே இருக்க வேண்டும். பெரிய எழுத்து, கலங்கிய தண்ணீரிலும் படிக்கக்கூடிய திரை, நீங்களே மாற்றக்கூடிய பேட்டரி அல்லது சார்ஜ் செய்யும் வசதி. இந்த மூன்றும் இருந்தால் தொடக்க விலை மாடலே போதும்.

இவற்றோடு மிதவைக் குழாய் ஒன்று, அதற்கான நூல் சுருள் ஒன்று, நூல் வெட்டி ஒன்று. மூன்றும் சேர்த்து ஒரு கைப்பைக்குள் அடங்கும். ஆரஞ்சு நிற மிதவைக் குழாயை ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்தே ஊதி மேலே அனுப்பப் பழகுங்கள். நம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகள் எந்நேரமும் போய்வருகின்றன. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மேலே வருகிறவரை அலைக்கு நடுவில் எந்த ஓட்டுநரும் பார்க்க முடியாது. நூல் வெட்டி ஏன் என்று கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரிக்கு வெளியே ஒரு பாறைத் திட்டில் பதினாறு மீட்டரில் நீந்திக்கொண்டிருந்தேன். முன்னால் நகரவில்லை. ஃபின்ஸை உதைக்கிறேன், அதே இடம். பாறையில் சிக்கிக் கிடந்த பழைய நைலான் வலையின் ஓர் இழை என் டேங்க் வால்வின் குமிழில் மாட்டியிருந்தது. தண்ணீருக்குள் அந்த இழை கண்ணுக்கே தெரியவில்லை. என் கை எட்டாத இடம் அது. கூட வந்தவர் பின்னால் வந்து, வெட்டியின் வாயில் இழையைக் கோத்து ஒரே இழுப்பில் அறுத்தார். பெரிய கத்தியை அந்த இடத்தில் வைத்திருந்தால் ஹோஸும் (காற்றுக் குழாய்) சேர்ந்து அறுந்திருக்கும்.

ரெகுலேட்டரை 30, 40 டைவுக்குப் பிறகு வாங்குங்கள். டேங்கில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, வால்வில் மாட்டும் முதல் நிலை சுற்றியுள்ள அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் அதிகமாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் நிலை அதை நம் நுரையீரலுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. இதில் ‘பேலன்ஸ்டு’ வகையாகப் பார்த்து வாங்குங்கள். டேங்கில் காற்று 200-லிருந்து 50-க்கு இறங்கினாலும் மூச்சு இழுக்கும் சுகம் மாறாது. முதல் நிலைக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம் பிஸ்டனா, டயஃப்ரம் என்ற சவ்வா, எது நல்லது என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். வங்காள விரிகுடாவில் அலைந்து, உப்பும் வண்டலும் அடைந்த பிஸ்டன்களை இந்த மேசையில் நிறையத் துடைத்திருக்கிறேன். அதனால் உள்பாகத்தில் தண்ணீர் புகாத, சீல் செய்த டயஃப்ரம் வகையைத்தான் சொல்வேன். ஆனால் அதைவிட முக்கியம், உங்களுக்கு எட்டும் தூரத்தில் அந்த பிராண்டுக்கு உதிரிப் பாகம் கிடைக்கிறதா, பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பது. வருடத்துக்கு ஒரு தடவை அல்லது 100 டைவுக்கு ஒரு தடவை அது அவர் கைக்குப் போயாக வேண்டும்.

டேங்க் வாங்காதீர்கள். அமிழ்வதற்காகக் கட்டும் ஈயமும் வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். அது ஃபின்ஸுக்கும் துணிக்கும் சரியாகப் போய்விடும். ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் கைப்பையில், நூல் வெட்டி கட்டாயம் பெரிய பெட்டியில். டார்ச்சுக்கான உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

கேள்வி: எனக்கு மைனஸ் 3.5 கண்ணாடி. டைவ் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

தாராளமாக முடியும். கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் மாஸ்க்குகளில் பலவற்றுக்குப் பவர் உள்ள லென்ஸ் அரை அரைப் புள்ளியாகத் தயாராகவே கிடைக்கிறது. பழைய லென்ஸைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார்கள். முன்பு சொன்னபடி முகத்தில் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு அந்த மாடலுக்குப் பவர் லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், பவர் கால் புள்ளி குறைந்தாலும் அந்தக் குறை தெரியாது. சிலிண்டர் பவரும் இருந்தால் கண்ணாடிக் கடையில் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டும் இறங்கலாம். மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சியின்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் உயரம் 152 செ.மீ. வாடகை பி.சி.டி. (காற்றடித்து மிதக்க உதவும் ஜாக்கெட்) எதைப் போட்டாலும் நீர்மட்டத்தில் காற்றடித்ததும் காதுவரை ஏறிவிடுகிறது. ரெகுலேட்டரைக் கடித்துக் கடித்துத் தாடையும் வலிக்கிறது. பெண்களுக்கென்று தனியாக வாங்கினால் சரியாகுமா?
– வங்கி ஊழியர், சென்னை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் இரண்டு வருடங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. என் உயரமும் அதேதான். டைவ் கடைகளில் எம் அளவுக்குக் கீழே கேட்டாலே தேட ஆரம்பிப்பார்கள்.

பெண்களுக்கான ஜாக்கெட்டில் தோள் வார் வளைந்து வரும், முதுகு நீளம் குறைவாக இருக்கும். நிறையப் பேருக்கு அது போதும். வெட்சூட் (உடம்பை ஒட்டிய ரப்பர் உடை) போட்டுக்கொண்டு மாட்டி, வயிற்று வாரை இறுக்கி, முழுசாகக் காற்றடித்துப் பாருங்கள். விலா எலும்பு நசுங்கி மூச்சு முட்டினால் சிறியது. கீழ்விளிம்பைப் பிடித்து யாராவது மேலே தூக்கினால் உங்களையும் சேர்த்துத் தூக்க வேண்டும்; ஜாக்கெட் மட்டும் ஏறினால் பெரியது.

என்னைக் கேட்டால், முதுகுத் தகடும் அதன் பின்னால் விங் எனப்படும் காற்றுப்பையும் உள்ள அமைப்புக்குப் போங்கள். அதில் எஸ், எம், எல் கிடையாது. ஐந்து செ.மீ. அகலமுள்ள ஒரே நீள நைலான் வாரைத் தகட்டின் துளைகளில் கோத்து, நம் தோளுக்கும் இடுப்புக்கும் அளந்து வெட்டிக்கொள்கிறோம். முதல் தடவை கோக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுதும் ஆனது. தோள் வாருக்கு அடியில் உள்ளங்கை தட்டையாக நுழையும் தளர்ச்சி இருக்க வேண்டும். இடுப்பு பக்கிள் தொப்புளுக்கு வலப்புறம் சற்றுத் தள்ளி. கால்களுக்கு நடுவே வரும் வார் ஒன்று உண்டு. உங்கள் பிரச்சினைக்கு மருந்தே அதுதான், அது இருந்தால் எதுவும் காதுவரை ஏறாது. வாரின் நுனியை வெட்டியதும் தீக்குச்சியால் சுட்டு விடுங்கள், பிரியாது. ஆனால் மூன்று நான்கு டைவுக்குப் பிறகே வெட்டுங்கள். ஒரு தடவை வெட்டியதை நீட்ட முடியாது.

எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ வரும். 3 மி.மீ. வெட்சூட்டில் 28 டிகிரி தண்ணீரில் இறங்குகிற சிறிய உடம்புக்கு அதுவே ஈயத்தின் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். விமானப் பயணம்தான் அதிகம் என்றால் அலுமினியத் தகடு.

தாடை வலிக்கு ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். மவுத்பீஸைச் சிறிய அளவில் மாற்றுங்கள். ஒரு கேபிள் டையை வெட்டினால் கழன்றுவிடும், பத்து நிமிட வேலை. அப்புறம் ஹோஸின் நீளத்தைப் பாருங்கள். தலையை இடப்பக்கம் திருப்பும்போது ரெகுலேட்டர் வாயை வலப்பக்கம் இழுத்தால் ஹோஸ் உங்களுக்குக் குட்டை. தோளுக்கு மேல் பெரிய வளையமாக நின்று நீரோட்டத்தில் ஆடினால் நீளம். இரண்டு விதத்திலும் இழுபடுவது தாடைதான். ஹோஸ் பல நீளங்களில் கிடைக்கிறது. உங்கள் உயரத்துக்கு எல்லாவற்றையும் அளந்து மாற்றிக்கொள்வதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: எப்போதும் படகில் இருக்கும் பையன்களே டேங்க்கை மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நானே மாட்ட வேண்டும் என்று ஆசை. வரிசை சொல்லுங்கள்.
– மருந்தாளுநர், மதுரை

நல்ல ஆசை. நம் மூச்சை நாமே மாட்டுவதுதான் சரி.

முதலில் டேங்க்கைச் சுற்றும் வாரை நனைத்துவிடுங்கள். நைலான் நனைந்தால் நீளும். காய்ந்த வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீருக்குள் தளரும். என் ஆரம்ப நாட்களில் அவசரத்தில் அப்படி மாட்டிக்கொண்டு இறங்கினேன். பன்னிரண்டு மீட்டரில் டேங்க் மெல்ல நழுவி, முதல் நிலை முதுகில் இறங்க, ரெகுலேட்டர் வாயிலிருந்து இழுபட்டது. கையால் பிடித்துக்கொண்டேன். கூட இருந்தவர் டேங்க்கை மேலே தள்ளி வாரை இறுக்கினார். அன்றிலிருந்து வாரை நனைக்காமல் நான் டேங்க்கைத் தொடுவதில்லை.

டேங்க்கை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். காற்று வெளியே வரும் துளை பி.சி.டி.யைப் பார்த்தபடி இருக்கட்டும். வாரை மாட்டி இறுக்கி, பி.சி.டி.யின் கைப்பிடியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். டேங்க் சேர்ந்து ஆட வேண்டும், நழுவக் கூடாது. இப்போது வால்வை ஒரு நொடி மட்டும் திறந்து மூடுங்கள். துளையில் நிற்கும் தண்ணீரும் மணலும் பறந்துவிடும். அந்தத் துளையைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், ஓ-ரிங். நகத்தால் அதைச் சுற்றி வாருங்கள். ஒரு வெட்டோ, பிசிறோ, தட்டையான இடமோ நகத்துக்குத் தட்டினால் மாற்றிவிடுங்கள். சில ரூபாய்ப் பொருள். அது போனால் அன்றைய டைவே போகும். எப்போதும் நான்கைந்து ஓ-ரிங்குகளைச் சாவிக் கொத்திலேயே கோத்து வைத்திருக்கிறேன்.

முதல் நிலையின் தூசி மூடியைக் கழற்றி, வால்வில் உட்கார வைத்து, குமிழை விரலால் இறுக்குங்கள். விரல் பலமே போதும். வாயில் வைக்கும் இரண்டும் (நமக்கு ஒன்று, உதிரி ஒன்று) வலத் தோளுக்கு மேல் வர வேண்டும். பி.சி.டி.க்குக் காற்று தரும் ஹோஸும் டேங்கின் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜும் இடப்பக்கம். காற்று ஹோஸைப் பி.சி.டி.யில் ‘கிளிக்’ கேட்கும்வரை மாட்டுங்கள். மாட்டிய பிறகு இழுத்துப் பாருங்கள்.

கேஜின் கண்ணாடி உங்களையோ மற்றவரையோ பார்க்காதபடி திருப்பிக்கொண்டு வால்வை மெதுவாகத் திறங்கள். முழுதும் திறந்துவிடுங்கள். கால் திருப்பு பின்னால் திருப்பி வைக்கும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. நான் அதைச் சொல்லித் தருவதில்லை. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற குழப்பம் அதனால்தான் வருகிறது. இப்போது கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் குதித்து இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. ருசியும் வாசனையும் கவனியுங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்த டேங்க் வேண்டாம். மஞ்சள் நிற உதிரி ரெகுலேட்டரிலும் அதே நான்கு மூச்சு. கூட வருகிறவருக்கு ஆபத்தில் கொடுப்பது அதைத்தான், அதனால் அதை விட்டுவிடாதீர்கள். கடைசியாகப் பி.சி.டி.யை முழுக்க ஊதி ஐந்து நிமிடம் வையுங்கள். விறைப்பு குறையாமல் இருக்கிறதா, எல்லாக் கயிறுகளும் இழுத்தால் காற்றை விடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு டேங்க்கைப் படுக்க வையுங்கள். ஆடுகிற படகில் டேங்க் தனியாக நிற்கக் கூடாது.

கேள்வி: எத்தனை கிலோ ஈயம் கட்டுவது? உடல் எடையில் இத்தனை சதவீதம் என்று ஏதாவது கணக்கு உண்டா?
– ஆசிரியர், நாகப்பட்டினம்

கணக்கை நம்பாதீர்கள், தண்ணீரிடம் கேளுங்கள். டைவ் முடிந்து டேங்கில் 50 பார் இருக்கும்போது மேல்மட்டத்தில் பி.சி.டி. காற்றை முழுதும் விட்டுவிட்டு, அசையாமல், சாதாரண மூச்சோடு நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதுதான் உங்கள் அளவு. டைவுக்கு முன்பே நிறைந்த அலுமினிய டேங்க்கோடு பார்த்தால் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த டேங்கில் இரண்டரை கிலோவுக்கும் சற்று அதிகமான காற்று இருக்கிறது. அது தீரத் தீர டேங்க் மிதக்கத் தொடங்கும். புதியவர்கள் பயத்தில் எட்டு, பத்து கிலோ கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பாரத்தைத் தூக்கப் பி.சி.டி.யில் காற்றடிக்க வேண்டும், அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் விரிந்து சுருங்கும், கை எப்போதும் பொத்தானிலேயே இருக்கும். பவளத்தின் மேல் விழுந்து மிதிப்பதும் அதனால்தான். ஒவ்வொரு டைவுக்கும் எழுதி வையுங்கள்: எந்த வெட்சூட், எந்த டேங்க், எத்தனை கிலோ.

கேள்வி: பழைய ரெகுலேட்டர் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

முதல் நிலையின் மூடியைக் கழற்றி, காற்று நுழையும் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன உலோக வடிகட்டி தெரியும். பளபளவென்று இருந்தால் பேசலாம். பச்சை படிந்திருந்தால் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கிறது. பழுப்பாக இருந்தால் துருப்பிடித்த டேங்க்கோடு ஓடியிருக்கிறது. இரண்டுமே வேண்டாம். ஹோஸ்களை மடக்கினால் வெடிப்புத் தெரிகிறதா பாருங்கள். முழு சர்வீஸ் செலவையும் புது ஹோஸ் விலையையும் கூட்டிக்கொண்டு, அதற்கு மேலும் லாபம் என்றால் எடுங்கள். சர்வீஸ் முடியாமல் அதை வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: என் மாமா சங்கு குளிப்பவர். கம்ப்ரசர் குழாயோடு முப்பது வருடமாக இறங்குகிறார். கம்ப்யூட்டர் எல்லாம் அவருக்கு இல்லை. எனக்கு மட்டும் ஏன்?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் மாமாவுக்குத் தெரிந்த கடலில் நூறில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. ஆனால் கல்லைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி ஏறிய காலத்து முத்துக்குளிப்பு வேறு, குழாய்க் காற்றில் அடியில் மணிக்கணக்கில் இருப்பது வேறு. குழாயில் வந்தாலும் டேங்கில் வந்தாலும் அழுத்தக் காற்றின் நைட்ரஜன் ஒன்றுதான். அது உடம்பில் மிஞ்சினால் மூட்டு வலியாகத் தெரியலாம். வேலை முடிந்து வரும் மாலைகளில் அவருக்கு முழங்கை, தோள், முட்டியில் குடைச்சல் இருக்கிறதா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். இருந்தால் அது வெறும் உடல் அசதி என்று விட்டுவிடாமல், ஆழத்தில் வேலை செய்கிறவர் என்று சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கியதும் ஒரு நாள் அவர் கையில் கட்டி அனுப்பி, மேலே வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்ததும் எப்படிக் கழுவுவது?
– வாசகி, கடலூர்

முதலில் தூசி மூடியை நன்றாகத் துடைத்து, முதல் நிலையில் மாட்டி இறுக்குங்கள். அது இல்லாமல் ரெகுலேட்டர் தண்ணீரைத் தொடக் கூடாது. வாளியில் அரை மணி ஊறட்டும். ஊறும்போது இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தாதீர்கள், ஹோஸ் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். பி.சி.டி.க்கு உள்ளேயும் இரண்டு லிட்டர் ஊற்றிக் குலுக்கித் தலைகீழாக வடியுங்கள். மொட்டை மாடி வெயிலில் போடாமல் நிழலில் காய வையுங்கள். உங்கள் பக்கம் பல தெருக்களில் போர்வெல் தண்ணீரே உப்பு. அப்படியென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு கேன் குடிதண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.